கல்லூரியில் பாடம் சொல்லப்போகும் நாயனக்காரருக்கு

கல்லூரியில் நாதஸ்வரம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்துவிட்டால் நாயனக் கச்சேரியையும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று நம்ம நெல்லைப் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். சம்பளம் இரண்டு வரலாம், உதடு ஒன்றுதான்.

முதலில் தகுதி. உதவிப் பேராசிரியராக இரண்டு வழி உண்டு. இசை முதுகலையில் 55 சதவீதம் வாங்கி, நெட்டோ (தேசியத் தகுதித் தேர்வு) செட்டோ (மேளச் செட் அல்ல, மாநிலத் தகுதித் தேர்வு) தேறுவது ஒன்று. நெட்டில் 150 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஒன்றையும் விடாமல் குறித்துவிட்டு வாருங்கள். மற்றது, 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளில் உள்ள கலைஞர் வழி. பேர்பெற்ற வித்வானிடம் கற்றிருக்க வேண்டும், வானொலியில் ஏ கிரேடு வேண்டும், இசை இலக்கணத்தை வாசித்துக் காட்டவும் விளக்கவும் தெரிய வேண்டும். பி, பி ஹை, ஏ என்று ஏற வருஷக்கணக்காகும். அதனால் முதல் வானொலி ஆடிஷனை இருபது சொச்சம் வயதிலேயே கொடுத்துவிடுவது நல்லது. மாவட்ட அரசு இசைப்பள்ளியின் மூன்றாண்டுச் சான்றிதழ் கைக்கு நல்ல அடித்தளம்தான், ஆனால் அது பட்டம் ஆகாது. பல பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்.

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. ஒவ்வொரு சங்கதியையும் (பாட்டு வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் விதம்) ஆறு பேருக்கு ஆறு தரம் ஊதிக் காட்டினால் வியாழக்கிழமைக்குள் உதடு தடித்துவிடும். பாடத்தை வாயால் பாடியே சொல்லுங்கள். சுரம், சாகித்தியம், பிறகு பிள்ளைகள் வாசிக்கட்டும். பாடிக் காட்டினால் போதாத இடத்தில் மட்டும் நாயனத்தை எடுங்கள். தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’ சுரம்) அப்படிப்பட்டது. விரல் துளையை எவ்வளவு மூடுகிறது, உதடு சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) எங்கே இறுக்கி எங்கே விடுகிறது என்பதைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும்.

சீவாளியை வகுப்புக்கும் கச்சேரிக்கும் தனித்தனியாக வையுங்கள். தினம் ஊதி இளகிப்போனது வகுப்புக்குச் சுகம். அதையே ரத வீதிக்குக் கொண்டுபோய் மேல் ஸ்தாயியில் அழுத்தி ஊதினால் சீவாளியின் வாய் ஒட்டிக்கொள்ளும், சுருதி இறங்கும். கச்சேரிச் சீவாளி சற்றுக் கனமாக இருக்கட்டும். இரண்டு நாள் முன்னாடியே அரைமணி நேரம் ஊதிப் பழக்கிவிடுங்கள். இல்லையென்றால் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி முடியும்முன் உதடு களைத்துவிடும்.

அடுத்து நாள் கணக்கு. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் கல்லூரி திறந்து சேர்க்கை நடக்கும் நேரத்தில் வரும். சங்கரன்கோவில் ஆடித்தபசு வகுப்பு சூடுபிடிக்கும்போது. திருச்செந்தூர் சஷ்டி பெரும்பாலும் செமஸ்டர் தேர்வை ஒட்டியே விழும். பஞ்சாங்கம் கைக்கு வந்ததுமே கல்லூரி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு அச்சாரம் வாங்கியபின் செய்முறைத் தேர்வு தேதி வந்தால் இரண்டு பக்கமும் ஏச்சுதான். வெளிக் கச்சேரிக்கு முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் தணிக்கையில் நிற்காது.

நாயன மேதை காருகுறிச்சி அருணாசலம், தம் குரு ராஜரத்தினம் பிள்ளையின் கூடவே இருந்து கற்றவர். ஒரு ராகத்தை ராத்திரி முழுக்கக் கேட்கும் அந்த வாய்ப்பு ஐம்பது நிமிஷப் பீரியடில் கிடையாது. பாடத்திட்டத்தில் எத்தனை ராகம் இருந்தாலும் செமஸ்டருக்கு ஒன்றை மட்டும் ஆழமாக எடுத்து, மற்றதைக் கீர்த்தனை அளவில் நகர்த்தலாம். மூத்த பிள்ளைகளைத் திருவிழாவில் பக்கத்தில் நிறுத்தி இரண்டாம் நாயனம் வாசிக்க விடுங்கள். ஆனால் வருகைப்பதிவைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.