கொரோன் தீவுகளில் கல்லூரி நண்பர்களோடு

பிலிப்பைன்ஸின் பலவான் மாகாணத்து வடகோடியில் உள்ள கொரோனுக்குக் கல்லூரிக் காலத்து நண்பர்களோடு சென்று திரும்பியிருக்கிறேன். இருபுறமும் மூங்கில் மிதவைகள் கட்டிய பங்காப் படகில் தீவு தீவாகச் சுற்றினோம். முழங்கால் வலியும் இரத்த அழுத்த மாத்திரையும் பற்றிய பேச்சு மட்டும் எந்தத் தீவிலும் இறங்காமல் கூடவே வந்தது.

செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, படியேறி இறங்கினால் கயங்கன் ஏரி. அடிப்பாறை வரை தெரியும் அதன் நீரைவிட என்னைக் கவர்ந்தது, கொரோன் தீவு தாக்பானுவா பழங்குடியினரின் மரபுரிமை நிலமாகச் சட்டப்படி ஏற்கப்பட்டிருப்பதும், தங்களுக்குப் புனிதமான வேறு சில ஏரிகளுக்குள் அவர்கள் வெளியாரை விடுவதில்லை என்பதும்தான். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊரில் அப்படி மறுப்பதற்குத் துணிவு வேண்டும்.

1944 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கக் கடற்படை விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்களும் இந்தக் கடற்பகுதியில்தான் கிடக்கின்றன. அவற்றுள் பல ஆழத்தில் இருப்பதால் முக்குளிப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கே எட்டும். லுசோங் தீவருகே கிடக்கும் கப்பல் சிதைவை, முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து எங்களைப் போன்றோரும் மேலிருந்தே பார்க்க முடிகிறது.

அடுத்த பயணம் இதே மாகாணத்து எல் நிடோ என்ற ஊருக்கு என்று நண்பர்கள் இப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன்பே போய்வர வேண்டும் என்பது என் கட்சி.