புகைப்படச் சான்றிதழ்ப் பரீட்சை: திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு

பொழுதுபோக்காகப் படம் எடுக்கிற தம்பி தங்கைகள் சிலர், சான்றிதழ்ப் பாடநெறி செய்வதில் பிரயோசனம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நான் வேலையை விடாமல், வார இறுதியில் கொழும்புக்கு இரவு பஸ் ஏறிப் படித்து முடித்தவன். எழுத்துப் பரீட்சை, செய்முறை, பிறகு 12 படங்களைக் கொண்டுபோய் வைத்து நேர்முகம் என்று மூன்று கட்டம் இருந்தது. இடத்துக்கு இடம் இது மாறும். ஆனால் மூன்றிலும் தோண்டித் தோண்டிக் கேட்பது ஒன்றைத்தான்: ஏன் இப்படி எடுத்தீர்கள்? அதற்குப் பதில் சொல்லப் பழகுவதுதான் தயாரிப்பு. வடிவாக இருக்கிறது என்று சொன்னால் புள்ளி விழாது.

எழுத்துத் தாளுக்குப் பயப்பட வேண்டாம். அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவு, f/2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும் வரிசை மனப்பாடமாக இருக்கட்டும். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். f/8இல் 1/250 செக்கன் ஷட்டர் வேகம் சரியென்றால் f/4இல் 1/1000 என்று, ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளியுணர்திறனை) மாற்றாமல், விரல் விட்டு எண்ணிச் சொல்ல வர வேண்டும். பிளாஷ் இரு மடங்கு தூரம் போனால் ஆளின் மேல் விழும் வெளிச்சம் கால்வாசி. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படி, கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் 14 பிட் றோ ஃபைலில் 16,384 படி. இப்படியான கணக்குகளே சுற்றிச் சுற்றி வரும்.

புள்ளி கூடுவதும் குறைவதும் படத் தொகுப்பில். இங்கிருந்து போகிற எல்லாரும் கோணேசர் கோயில் மலையில் சூரிய உதயம், புறாத்தீவுப் பவளப்பாறை, பிரட்றிக் கோட்டை மான் என்று கொண்டுபோகிறார்கள். பரீட்சகர்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்து அலுத்திருப்பார்கள். ஒன்று வைக்கலாம், தப்பில்லை. மிச்சத்தை ஒரே விடயத்தில் எடுங்கள். நான் உப்புவெளிக்கு வடக்கே கரைவலை (கடலில் வளைத்துவிட்டுக் கரையில் நின்று கூட்டமாக இழுக்கும் வலை) இழுக்கும் இடத்தை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பக்கம், திரும்பத் திரும்பப் போகலாம், போகப் போக ஆட்கள் கமராவை மறந்துவிடுவார்கள்.

கரைவலையில் ஒரு வசதி, பாடத்தில் வருகிற சிக்கல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆட்கள் கடலைப் பார்த்தபடி பின்னால் நடந்து இழுக்கிறார்கள். காலையில் சூரியன் அதே கடல் பக்கம். கரையில் நின்று எடுத்தால் வெளிச்சத்தை அளக்கும் கமராவின் மீற்றர் பளபளக்கும் தண்ணீரைப் பார்த்து ஏமாந்து ஆட்களைக் கருப்பாக்கிவிடும். கருநிழல் உருவம்தான் வேண்டுமென்றால் அப்படியே விடலாம். ஆட்கள் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் எக்ஸ்போஷரை (பதியும் வெளிச்சத்தை) ஒரு படி, ஒன்றரைப் படி கூட்ட வேண்டும். முகமே வேண்டுமென்றால் முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கி, சூரியனை முதுகில் வைத்துக் கரையைப் பார்த்து எடுக்க வேண்டும். கயிற்றில் தெறிக்கும் தண்ணீர் உறைந்து நிற்க 1/1000. இழுப்பின் வேகம் தெரிய 1/15க்கு இறங்கிப் பாருங்கள்: காலும் கயிறும் கலங்கும், ஊன்றி நிற்கிறவரின் முகம் மட்டும் தெளிவாக நிற்கும். மீன் சேரும் வலைப் பையான மடி கரைக்கு வந்ததும் சூடையும் சாளையும் துள்ளும் வெள்ளி மினுக்கத்தில் வெளிர்ப்பகுதி விவரம் இல்லாமல் வெறும் வெள்ளையாகிப் போகும். அங்கே எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். நேர்முகத்தில் என்னிடம் கூடுதலாகக் கேட்டது அந்த 1/15 படத்தைப் பற்றித்தான்.

நம் பக்கத்தில் சூரியன் கிடுகிடுவென்று ஏறிவிடும். எட்டு மணிக்கு மேல் நிழல் கத்தி மாதிரி விழும், முகம் எடுக்க ஏலாது. வாடைக்காற்று தொடங்கினால் கடலும் விடாது. ஆண்டுக் கடைசியில் பரீட்சை என்றால் புரட்டாதிக்குள் படங்களை முடித்துவிடுங்கள்.

கமரா பற்றி நிறையக் கேட்கிறார்கள், எனக்குச் சொல்ல அதிகமில்லை. கமராவோடு வந்த 18-55 லென்ஸ், பழசாக வாங்கிய ஒரு 50 எம்எம் f/1.8, இரண்டும் போதும். பழைய லென்ஸ் வாங்கும்போது டோர்ச் அடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா பாருங்கள். உப்புக்காற்றில் எடுத்துவிட்டு வந்தால் ஈரத் துணியால் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

இனி, பலர் கோட்டை விடுகிற பகுதி: படத்தின் உரிமை. இலங்கையில் இதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். படம் எடுத்த கணமே பதிப்புரிமை வந்துவிடுகிறது; பதிவு செய்யவும் வேண்டாம், மூலையில் பெயர் அடிக்கவும் வேண்டாம். எடுத்தவரின் ஆயுட்காலமும் அதற்கு மேல் 70 ஆண்டும் அது நிற்கும். ஸ்டூடியோ ஒன்றில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் சாமத்திய வீடு ஒன்றை எடுக்கிறார், உரிமை யாருக்கு என்று ஒரு கேள்வி வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் பொருளாதார உரிமை முதலாளிக்கு. தன் பெயரைப் போடச் சொல்லும் ஒழுக்க உரிமை எடுத்தவருக்கு. இரண்டையும் எழுதினால்தான் முழுப் புள்ளி. முகநூலில் கிடந்தது என்பதற்காக ஒருவர் எடுத்ததை எடுத்துப் போட முடியாது என்பதும் இதற்குள்தான் அடங்கும்.

படம் உங்களுடையது என்பது ஒன்று, படத்தில் இருக்கிறவரின் சம்மதம் வேறொன்று. கரைவலையில் முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயாவிடம் போய் எதற்காக எடுக்கிறேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டியதோடு நிறுத்தாமல், முகம் தெளிவாகத் தெரிகிற ஒவ்வோர் அண்ணரிடமும் தமிழில் அரைப் பக்கத்தில் எழுதிய சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வாங்கினேன். பரீட்சைக்குக் கட்டாயமில்லை. ஆனால் நாளைக்கு விளம்பரத்துக்கு விற்பதென்றால், இணையப் பட விற்பனைத் தளங்கள் முதலில் கேட்பது அதைத்தான். சிறுவர்கள் என்றால் தாய் தகப்பனின் கையொப்பம். நேர்முகத்தில் கடிதங்களை மேசையில் வைத்ததும் பரீட்சகர் ஒருவர் படங்களை விட்டுவிட்டு அவற்றைப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

நம் ஊரில் கடற்படைத் தளம், சீனன்குடா விமானத் தளம், கோட்டைக்குள் இராணுவ முகாம் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பக்கம் கமராவைத் தூக்குமுன் காவலில் நிற்கிறவரிடம் கேட்டுவிடுங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். புறாத்தீவு தேசியப் பூங்கா, ஆகவே அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். அனுமதி இல்லாத ட்ரோன் படத்தைத் தொகுப்பில் வைப்பதை விட வைக்காமல் விடுவது நல்லது, கட்டாயம் கேட்பார்கள்.

கடைசியாக அச்சு. ஏ4 தாளில் 300 பிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 2480 x 3508 பிக்சல் வேண்டும். வெட்டிச் சுருக்கிய படம் அதற்குத் தாங்குமா என்று முதலே பாருங்கள். ஒரு படத்தை மட்டும் முன்கூட்டி அச்சடித்து நிறத்தைச் சரிபார்த்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள். அப்புறம், தமிழில் விடை எழுதலாமா, நேர்முகத்தில் தமிழ் தெரிந்தவர் இருப்பாரா என்பதை விண்ணப்பப் படிவம் கொடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பரீட்சை நாளன்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது.