திட்டினால்தான் வேலை நடக்குமா?

"பாராட்டினா தலைக்கேறிடும். நாலு வார்த்தை கேட்டாத்தான் ஓடுவான்." விற்பனைத் துறையில் நான் வேலை பார்த்த எல்லா ஊர்களிலும் காதில் விழுந்த பேச்சு இது. சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். போன மாதம் டார்கெட்டைத் தாண்டியவரை எல்லோர் முன்னாலும் கைதட்டிப் பாராட்டினோம், இந்த மாதம் சறுக்கிவிட்டார். கடைசியில் நின்றவரை அறைக்குக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினோம், அடுத்த மாதம் ஏறிவிட்டார். மாதாமாதம் இப்படியே நடக்கும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

இதே பேச்சை இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சியாளர் ஒருவர் டேனியல் கானமனிடம் சொல்லியிருக்கிறார். 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர்தான் இந்தக் கானமன். தண்டனையைவிடப் பாராட்டே நன்றாகக் கற்றுத்தரும் என்று அவர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். அனுபவம் முதிர்ந்த அந்தப் பயிற்சியாளர் எழுந்து மறுத்தார். வானில் ஒரு சுழற்சியை அழகாகச் செய்த வீரரைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார், சொதப்பியவரைக் கத்தினால் அடுத்த முறை தேறிவிடுகிறார் என்றார்.

கானமன் அங்கேயே ஒரு சோதனை வைத்தார். இலக்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒவ்வொருவரும் இரண்டு முறை நாணயம் எறிய வேண்டும். முதல் முறை மிக அருகில் எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை விலகிப் போனார்கள். தூரத்தில் எறிந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். நடுவில் யாரும் யாரையும் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை.

சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள் இதை. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு உயரமாக இருப்பதில்லை என்று ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886இலேயே எழுதிவிட்டார். திறமையும் தற்செயலும் கலந்த எந்தக் காரியத்திலும் உச்சத்துக்கு அடுத்து இறக்கமும், பள்ளத்துக்கு அடுத்து ஏற்றமும் வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

எங்கள் தொழிலில் தற்செயல் கொஞ்சமா? தேனிப் பக்கம் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் லைன் போக, அதாவது கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்க முடியாது. பக்கத்துத் தெருவில் போட்டிக் கம்பெனி புது ஸ்கீம் போட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். இன்னொன்று வெளியாட்களுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக மொத்த வியாபாரியின் குடோனில் சரக்கை இறக்கிவிட்டால் அந்த மாத எண் ஜொலிக்கும். இறக்கிய சரக்கு விற்கும்வரை அடுத்த மாதம் அவர் புது ஆர்டர் தர மாட்டார். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டு வாங்கியவர் மறுமாதம் சறுக்க இதுவே போதும். மேலாளரின் குரல் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதற்கு இதில் பெரிய வேலை இல்லை.

என்னை வருத்துவது இதன் விளைவுதான். நல்ல மேலாளர்களுக்குக்கூட, திட்டியதற்குப் பலன் கிடைத்ததுபோலவும் பாராட்டியதற்கு அடி விழுந்ததுபோலவும் எண்கள் ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கின்றன. கனிவாக இருந்தவர் பத்து வருடத்தில் கடுகடுப்பாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களைத் தரையில் சாக்பீஸ் வட்டம் போட்டு நாணயம் எறியவைக்கிறேன். இதற்குப் புள்ளியியல் வகுப்பு தேவையில்லை. யார் விற்பனை இறங்கினாலும் ஆறு மாத எண்களைச் சேர்த்துப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். தொடர்ந்து மூன்று, நான்கு மாதம் இறக்கம் என்றால் அது வேறு விஷயம். அப்போது அவரோடு ஒரு நாள் லைனுக்குப் போனால் காரணம் தெரிந்துவிடும்.

ஊக்கப் பயிற்சிகளில் தவறாமல் வரும் மிட்டாய்க் கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் செய்த ஆய்வு அது. குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாய் இருக்கும், அதை இப்போதே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்பார்கள். 2018இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களோடு திரும்பப் பார்த்தபோது, குடும்பச் சூழ்நிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியம் 2013இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்தது. சோதனைக்கு முன்பு, நல்ல வண்ணப் பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று குழந்தைகளிடம் சொன்னார்கள். சிலருக்குக் கொண்டுவந்தார்கள், சிலரிடம் இல்லையென்று கைவிரித்தார்கள். பிறகு மிட்டாய் வைத்தபோது வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் சுமார் 3 நிமிடம்தான்.

"ஆயிரம் ரூபாய்க்காகக் கம்பெனி மாறுறான் சார், இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லை" என்ற புலம்பலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழந்தைகள் ஞாபகம் வருகிறார்கள். பெட்ரோலுக்குக் கைக்காசு போட்டுவிட்டுப் பயணச் செலவு பில் பாஸாக மாதக்கணக்கில் காத்திருப்பவரிடம், வருடக் கடைசியில் பெரிய இன்சென்டிவ் வரும் என்றால் எப்படி நம்புவார்? அவர் பொறுமையில்லாதவர் இல்லை. இதுவரை நடந்ததை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார்.

ஆகவே எங்கள் குழுவில் பெரிய பரிசுகளை அறிவிப்பதற்கு முன் சின்ன பாக்கிகளை முடிக்கச் சொல்கிறேன். பில் எந்தத் தேதிக்குள் பாஸாகும், தாமதமானால் யாரிடம் கேட்பது என்று பெயரும் போன் நம்பரும் வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.