அக்னி நட்சத்திரம், சத்துவாச்சாரி

மே 3

இவருடைய வெள்ளி மோதிரம் மறுபடி கறுத்துவிட்டது. போன வாரம்தான் விபூதி போட்டுத் தேய்த்தேன்.

மே 4

கத்திரி ஆரம்பம். மதியம் இரண்டு தரம் கரண்ட் போனது. வேறொன்றும் இல்லை.

மே 6

இப்போதெல்லாம் ராத்திரியில்தான் ஷெட்டுக்குப் போகிறார். எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தால் ராணிப்பேட்டையிலிருந்து திரும்ப விடியற்காலை ஆகிறது. கேட்டால் வெயிலுக்காக என்கிறார். வெயிலுக்காக இல்லை. பகலில் பக்கத்து ஷெட் ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள், அதற்காக.

முப்பது வருஷம் தோல் பதனிடுகிற ஷாப்பில் கெமிஸ்ட். 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யாத ஷாப்பையெல்லாம் மூடச் சொன்னபோது, ராத்தூக்கம் இல்லாமல் உட்கார்ந்து இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மேலே இருந்தவர் அதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு மூடிய வாய். ரசத்தில் என்ன போட்டேன் என்று தெருவே கேட்டாலும் நான் சொல்வேன். தொட்டியில் என்ன போட்டீர்கள் என்று பெண்டாட்டி கேட்டால் சொல்ல மாட்டார்.

போனில் பேசியதை ஒட்டுக்கேட்டதில் கொஞ்சம் தெரியும். தோலிலிருந்து முடி எடுக்கிற சுண்ணாம்புத் தண்ணீர் ஒன்று, பிக்கிள், அதாவது தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைத்த தண்ணீர் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒன்றால் ஒன்றை அடக்கிவிடலாம், பாலாற்றுக்கு அவ்வளவு விஷம் மிச்சம் என்கிறார். சேர்க்கும்போது ஏதோ கிளம்புமாம். அதைப் பிடித்து வைக்க ஒரு பொடி. பொடிதான் ரகசியம்.

மே 8

ஷெட்டில் இவருக்கு உதவிக்கு இருக்கிற பையன் வந்திருந்தான். இலவம்பாடியிலிருந்து ஒரு பை நிறைய முள்ளுக் கத்திரிக்காய். நறுக்கும்போது காம்பு முள் பெருவிரலில் ஏறி ஒரு பொட்டு ரத்தம். எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து அவனுக்கும் ஒரு டப்பா கட்டினேன்.

"ராத்திரி என்னப்பா வேலை?"

"கலக்குறதும்மா. சார் சொல்ற நேரத்துக்கு மூட்டையைப் பிரிச்சுக் கொட்டணும்."

"மூட்டையில என்ன?"

"சார் லேபிளைக் கிழிச்சுட்டுத்தான் குடுப்பாரு." சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேட்டியில் துருக்கறை. எந்த சோப்புக்கும் அசையவில்லை.

மே 10

அட்சய திருதியை. கீழ் வீட்டம்மா அரை கிராம் காசு வாங்கி வந்து காட்டினாள். நான் விபூதியும் கையுமாக மோதிரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணில் மணல் போட்ட மாதிரி இருக்கிறதாம் இவருக்கு. டாக்டரைப் பார்க்கலாம் என்றால் வெயில் தணியட்டும் என்கிறார். எல்லாவற்றுக்கும் வெயில்.

மே 12

நாலு மணிக்கு எழுப்பினார். "நாத்தமே இல்ல. சுத்தமா நின்னுடுச்சு. பையனைக் கேட்டேன், அவனும் இல்லங்கறான்." காபியை ஒரே மடக்கில் குடித்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். பையனுக்குப் புது செல்போன் வாங்கித் தர வேண்டுமாம், எனக்கு ரத்தினகிரிக்கு ஒரு நடை. பொடி வேலை செய்துவிட்டது என்று அவராகவே, முதல் தடவையாக, பொடி என்ற வார்த்தையைச் சொன்னார்.

குளிக்கப் போனபோது மோதிரத்தைப் பார்த்தேன். மற்ற நாளில் புகை படிந்த மாதிரி இருக்கும். இன்று மை. நாற்றமே இல்லாத நாளில் எப்படி இவ்வளவு கறுக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தாரே என்று.

மே 13

இரண்டு தரம் தேய்த்தும் போகவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மே 14

எழுத முடியவில்லை.

மே 15

வாட்ச்மேன் பாய் போய்விட்டார். பையன் ஐசியுவில்.

ராத்திரி கரண்ட் போய்க் கலக்கும் மோட்டார் நின்றிருக்கிறது. கழியை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கிக் கலக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாகத்தான் நாற்றமே இல்லையே. நாலாவது படியில், உட்காரப் போகிறவன் மாதிரிச் சாய்ந்தானாம். பாய் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவனைத் தூக்க இறங்கினார். ஒரு துண்டு.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. "தொட்டியில என்ன சார் இருந்துச்சு?" என்று மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் "கழிவுத் தண்ணி" என்றார். உள்ளே பையன் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறான், இவர் லேபிளைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

இவர் கையைப் பிடித்து இழுத்து அவள் முன்னால் நீட்டினேன். "ஒரே ராத்திரியில இப்படிக் கறுக்குதும்மா. சுண்ணாம்புத் தண்ணியும் பிக்கிள் தண்ணியும் சேர்க்கிறார். துருக்கறை விழற மாதிரி ஏதோ பொடி போடறார்." அவள் மோதிரத்தைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டாள். நர்ஸிடம் ஹைட்ரஜன் சல்பைடு என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

அப்புறம் வந்து சொன்னாள். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு, அதாவது நூறு பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், வாயு அப்படியே இருந்தாலும் நாற்றம் போய்விட்டது என்றுதான் தோன்றும்.

இது முப்பது வருஷ கெமிஸ்டுக்குத் தெரியாதா? தெரியும். 12-ஆம் தேதி விடியற்காலையில் தெரியாமல் போயிற்று.

மே 16

பேசவில்லை. இவரும்.

மே 18

போலீஸ் ஷெட்டைப் பூட்டிவிட்டது. நோட்டு எங்கே என்று என்னைக் கேட்டார்கள். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாக எண்கள், பொருள் பெயர் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் க, ங, ச. இவர் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ங என்ன சார்?" என்றார் எஸ்ஐ. நானும் காத்திருந்தேன்.

"அது இன்னும் முடியல" என்றார்.

மே 19

ஃப்ரிட்ஜைத் திறந்தால் கத்திரிக்காய். பாதிப் பை அப்படியே இருக்கிறது. வாடவே இல்லை.

மே 20

பையன் கண் திறந்தானாம். ஆளைத் தெரியவில்லையாம்.

மோதிரத்தைக் கழற்றி சோப்புப் பெட்டி மேல் வைத்திருக்கிறார், எப்போதும் போல. நான் தொடவில்லை.

மே 21

காலையிலிருந்து வாசலில் ஒரு அம்மா நிற்கிறாள். மஞ்சப்பை. கூப்பிடவும் இல்லை, போகவும் இல்லை. இவர் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார். கண்ணும் நெற்றியும் அப்படியே பையன் சாயல். தண்ணீராவது கொண்டுபோய்