நாலு குடம் தண்ணீர்

மின்கசிவை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழியை மழைக்காலத்தில் அளந்து பயனில்லை. அளப்பது மண்ணோடு அதற்குள்ள மின்தடையை, ஓம் கணக்கில்; குறைவாக இருந்தால்தான் நல்லது. ஐப்பசி ஈரத்தில் எந்தக் குழியும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். சித்திரை வெயிலில் மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது அளக்க வேண்டும்.

இதை எனக்கு உறைக்க வைத்தது கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு சின்ன கிரானைட் பாலிஷ் பட்டறை. காலை ஏழரைக்குப் போய்க் குழி மூடியைத் தூக்கினால் உள்ளே நிரப்பியிருந்த கரியும் உப்பும் சொதசொதவென்று நனைந்திருந்தன. "நீங்க வர்றீங்கன்னு விடியக்காலையிலேயே நாலு குடம் ஊத்தி வச்சேன் தம்பி" என்றார் அங்கிருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன். விருந்தாளிக்கு வாசல் தெளித்து வைத்த மகிழ்ச்சி அவர் முகத்தில்.

மெயினை இறக்கிவிட்டு, குழியிலிருந்து போகும் பட்டையைக் கழற்றினேன். கழற்றாமல் அளந்தால், வேறு எர்த் ஏதாவது இணைந்திருந்தால் அதுவும் சேர்ந்துகொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். அளக்கும் மீட்டருக்காக மண்ணில் இரண்டு கம்பி அடிக்க வேண்டும்: குழியிலிருந்து 40 மீட்டரில் கரண்ட் ஸ்பைக், அதே நேர்கோட்டில் 25 மீட்டரில் வோல்டேஜ் ஸ்பைக். அடித்தால் ஒரு சாணுக்குக் கீழே பாறை. ஸ்பைக் நுனியே மழுங்கிவிட்டது. ஸ்பைக்கைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றலாம், தப்பில்லை. குழியில் ஊற்றினால்தான் கணக்கு கெட்டுவிடும்.

6 ஓம் காட்டியது. வோல்டேஜ் ஸ்பைக்கை 4 மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன், அதே 6. பலகையில் 4 என்று எழுதியிருந்தது, நவம்பரில் அளந்தது. சரி என்று திரும்பிவிட்டு, பத்து நாள் கழித்துச் சொல்லாமல் போனேன்.

14 ஓம்.

அங்கே மிஷின் பாடிக்கு அந்த எர்த் மட்டும்தான். பாடியில் ஃபேஸ் தொட்டால் கரண்ட் மண் வழியாகத்தான் திரும்ப வேண்டும். 230-ஐ 14-ஆல் வகுத்தால் 16 ஆம்பியர் சொச்சம். போட்டிருந்ததோ 32 ஆம்பியர் எம்.சி.பி., கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். அது விழவே விழாது, பாடியில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். 6 ஓமிலும் 38 ஆம்பியர்தான், சட்டென்று விழாது. பாலிஷ் போடும் இடத்தில் தரை எந்நேரமும் ஈரம். இரண்டு பெண்கள் வெறுங்காலோடு கல் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடிதான் அந்தக் கணக்கைப் போட்டேன். கை நடுங்கியது.

அன்றைக்கே, சின்னக் கசிவுக்கே லைனைத் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வாங்கி மாட்ட வைத்தேன். பாறை மண்ணில் எர்த்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. அப்புறம், பட்டறைக்குப் பின்னால் பள்ளத்தில், மண் ஆழமாக இருந்த இடத்தில் இரண்டு குழி எடுத்தோம். நடுவே, குழிக்குள் இறக்கும் பைப்பின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையால் பழைய குழியோடு இணைத்தோம்.

அடுத்த சித்திரையில் எல்லாம் சேர்த்து 5 ஓம். அண்ணன் பலகையில் தேதி போட்டு எழுதினார். பக்கத்திலேயே 'தண்ணீர் ஊற்றாமல்' என்றும் எழுதினார்.