இலவச ஐடிஐக்குக் குடும்பம் கொடுக்கும் விலை

அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) படிக்கக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர் என்றால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் இன்னொரு 1,000 ரூபாய். இவ்வளவு இருந்தும் படிப்பைப் பாதியில் விடுகிற பிள்ளைகளைப் பார்த்து "பொறுப்பில்லை" என்று சொல்லிவிடுகிறோம். வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

சென்னை வியாசர்பாடியில் 18 வயதுப் பையன் ஒருவன் கேட்டரிங்குக்கோ பெயின்டிங் ஹெல்பராகவோ போகிறான் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 600 ரூபாய், மாதம் 24 நாள் வேலை என்றால் 14,400. இரண்டு வருடத்துக்கு 3,45,600 ரூபாய். ஐடிஐயில் சேர்ந்தால் இந்த வருமானம் போய்விடும். இரண்டு உதவித்தொகையும் சேர்த்து 24 மாதத்தில் கைக்கு வருவது 42,000. மீதி 3,03,600 ரூபாய்தான் அந்தக் குடும்பம் படிப்புக்குப் போடும் முதல். படித்து முடித்த பிறகு, கூலி வேலையைவிட மாதம் 4,000 ரூபாய் கூட வந்தால் அந்த முதல் திரும்ப ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். 8,000 கூட வந்தால் மூன்றே கால் வருடம் போதும். எந்தத் தொழிற்பிரிவு, எந்த ஐடிஐ, முடித்ததும் எங்கே அப்ரண்டிஸாக (வேலை பழகுபவராக) சேர்வது என்ற கேள்விகள் எல்லாம் இந்த 4,000-க்கும் 8,000-க்கும் நடுவில்தான் இருக்கின்றன.

பள்ளிப் படிப்பு கூலியை உயர்த்தும் என்பதில் சந்தேகமே வேண்டாம். இந்தோனேசியாவில் 1970-களில் 61,000-க்கும் அதிகமான தொடக்கப் பள்ளிகளைக் கட்டினார்கள். அதில் படித்த தலைமுறையின் சம்பளத்தைப் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ ஆராய்ந்தபோது, கூடுதலாகப் படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் சுமார் 7 முதல் 11 சதவீதம் வரை உயர்வு தெரிந்தது. குறுகிய காலத் திறன் பயிற்சிக்கு இப்படி ஒரு உறுதி கிடையாது. கொலம்பியாவில் மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் கம்பெனியில் வேலை என்று நடத்திய திட்டத்தில் பெண்களின் சம்பளம் ஏறத்தாழ 20 சதவீதம் உயர்ந்தது. துருக்கியில் வேலையில்லாதவர்களுக்கு நடத்திய பயிற்சியில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. பயிற்சி என்ற பெயர் மட்டும் சம்பளத்தை ஏற்றாது.

உகாண்டாவில் நடந்த ஆய்வு சென்னைக்கு அப்படியே பொருந்தும். சில இளைஞர்களைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்தார்கள், சிலரை நேராகக் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை பழக விட்டார்கள். பட்டறைக்குப் போனவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்தது. ஆனால் அந்த வேலை போனபோது அவர்கள் திணறினார்கள். நிலையத்தில் படித்துச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் அடுத்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் "டிரெய்னி" என்று எடுக்கும் கம்பெனிகளிடம் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்: அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போடுவீர்களா? 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் பதிவான ஒப்பந்தம் இருந்தால், முடிவில் தேர்வு எழுதி என்.ஏ.சி. என்ற தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கலாம். அது இல்லாத "டிரெய்னி"க்கு ஒரு வருடம் கழித்துக் கையில் மிஞ்சுவது ஐடி கார்டு மட்டும். அப்ரண்டிஸுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு.

சம்பளத்தை உண்மையில் பிரிக்கும் திறமை எப்படி இருக்கும்? ஏசி மெக்கானிக்கை எடுத்துக்கொள்ளலாம், இந்த ஊர் வெயிலுக்கு அவர்களுக்கு வேலைப் பஞ்சம் வராது. புது ஸ்ப்ளிட் ஏசி மாட்டும்போது பழகாத ஹெல்பர், மெஷினில் இருக்கும் குளிரூட்டும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு பைப்பில் இருக்கும் காற்றை வெளியேற்றுவார். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும், அன்றைக்குக் குளிரும். உள்ளே தங்கிய ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரஸர் காயிலை மெதுவாக அரிக்கும். முறையாகப் படித்தவர் செம்பு பைப்பை கட்டரால் வெட்டி, பிசிறு எடுத்து, ஃபிளேர் நட்டை முதலில் பைப்பில் ஏற்றிவிட்டுத்தான் பைப்பின் வாயை விரிப்பார், அதாவது ஃபிளேர் செய்வார் (நட்டை மறந்துவிட்டு வாய் விரித்தால் திரும்ப வெட்ட வேண்டியதுதான்). பிறகு நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்ப்பார். வேக்கம் பம்ப் போட்டு, உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் 500 மைக்ரானுக்குக் கீழே வரும்வரை காற்றை இழுப்பார், பம்பை நிறுத்தியபின் அது ஏறாமல் நிற்கிறதா என்றும் பார்ப்பார். கேஸைத் தராசில் எடை போட்டு ஏற்றுவார். ஏசியில் போடும் ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ், அதனால் பக்கத்தில் பற்றவைப்பு கூடாது. இவர் மாட்டிய மெஷினுக்கு அதே புகாரோடு மறுபடி அழைப்பு வருவது அபூர்வம். கம்பெனிக்கு ஓசியில் திரும்பப் போகும் ஒவ்வொரு நடையும் நஷ்டம் என்பதால், இப்படிப்பட்ட ஆளுக்குக் கூடக் கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஐடிஐயைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வேக்கம் பம்ப் எத்தனை, ஒரு பம்புக்கு எத்தனை மாணவர், பழகச் செம்பு பைப் ஒரு ஆளுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று அங்கே படிக்கும் பையன்களிடம் கேளுங்கள்.

தையலிலும் இதே சிக்கல். தெருவுக்கு ஒரு தையல் வகுப்பு இருக்கிறது. அங்கே கால் மெஷினில் பிளவுஸ் வெட்டத் தைக்கக் கற்றுத் தருகிறார்கள். வீட்டில் இருந்து தைப்பவருக்கு அது சரி. தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்திலோ அம்பத்தூரிலோ கார்மென்ட்ஸ் வேலைக்குப் போக நினைப்பவருக்கு பவர் மெஷினும், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினும் பழகியிருக்க வேண்டும். மணிக்கு எத்தனை பீஸ் என்பதுதான் அங்கே கணக்கு, கால் மெஷின் பழக்கத்தோடு போனால் முதல் வாரமே பின்தங்கிவிடுவார்கள். டெல்லியில் பெண்களுக்கு நடத்திய ஆறு மாதத் தையல் பயிற்சியை ஆராய்ந்ததில், முடித்தவர்களின் வருமானம் கூடியிருந்தது. பாதியில் விட்டவர்களை நிறுத்தியவை மையத்தின் தூரமும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும். இங்கே சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பஸ் காசுப் பிரச்சினை குறைந்திருக்கிறது. குழந்தைக்கு இன்னும் வழி இல்லை. பயிற்சி மையத்திலேயே ஒரு அறையும் ஒரு ஆயாவும் இருந்தால் எத்தனையோ பெண்கள் முடித்துவிடுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

தொழிற்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது மேலே போகும் வழியையும் பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் போன்ற இரண்டாண்டுப் பிரிவை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகவும் எடுத்துக்கொள்வார்கள். வெல்டர் ஓராண்டுப் பிரிவு, எட்டாம் வகுப்பு முடித்தவரும் சேரலாம், வீடு இழக்கும் கூலியும் பாதியாகக் குறையும். ஆனால் மேலே சொன்ன இரண்டு வழிக்கும் இரண்டாண்டுப் பிரிவுதான் வேண்டும்.