ஹொகார் மலையில் ரயருக்கு எவ்வளவு காற்று?

சஹாராவுக்குப் போய் வந்தவன் என்று தெரிந்ததும் மட்டக்களப்புக் கல்லடியில் எல்லோரும் கேட்பது ஒட்டகத்தைப் பற்றித்தான். எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. தூரத்தில் மேய்ந்தன, அவ்வளவுதான். நான் வான் ஹயர் ஓடிப் பிழைக்கிறவன். அங்கே பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் டிரைவர்மாரின் கையையும் காலையும்தான்.

கூட்டிப் போனது பாரிசில் இருக்கும் என் மச்சான். இடம் அல்ஜீரியாவின் தெற்கே தமன்ராசெட். அந்தப் பட்டணமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஹொகார் மலைகளுக்குள் வெளிநாட்டுக்காரர் தம்பாட்டில் போக முடியாது. பதிவு பெற்ற ஏஜென்சியும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம். எங்களோடு வந்தவர்கள் எல்லோரும் துவாரக் இனத்தவர்கள். அந்தச் சமூகத்தில் முகத்தை மூடித் துணி சுற்றுவது ஆண்கள்தான். ஓட்டியவை பழைய லேண்ட் குரூசர்கள். கூரையில் தண்ணீர்க் கான்கள், டீசல், விறகு. விறகையும் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இனி ரயருக்கு வருகிறேன். மணல் தொடங்கும் இடத்தில் மூத்த டிரைவர் இறங்கி நான்கு சில்லிலும் காற்றை இறக்கினார். 35 பிஎஸ்ஐ அளவில் இருந்த காற்றழுத்தம் 15, 16க்கு வந்தது. ரயர் தட்டையாகி அதிக இடத்தைப் பிடிப்பதால் வண்டி புதையாமல் மேலால் போகும். இது கடற்கரையில் வான் இறக்கிய எவனுக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்குப் புதிதாக இருந்தது அதற்குப் பிறகு நடந்தது. மணல் முடிந்து எரிமலைக் கல் தொடங்கியதும் திரும்ப நிறுத்தி, கம்பிரசர் பூட்டி, காற்றை ஏற்றினார். கருங்கல் அங்கே கத்திபோல் கூராகக் கிடக்கிறது. காற்றுக் குறைந்த ரயர் பக்கவாட்டில் புடைத்து நிற்கும். அந்த இடத்தில் கல் கிழித்தால் ஒட்டுப்போட வழியில்லை. கொஞ்சத் தூரம் போனதும் வறண்ட ஆற்று மணல் வரும், பிறகும் இறக்கு. பிறகும் கல், ஏற்று. நானாக இருந்தால் இரண்டாம் தடவையே "இருக்கட்டும் பார்ப்போம்" என்று ஓட்டியிருப்பேன். அந்த மனிதர் ஒரு தடவைகூடச் சலிக்கவில்லை.

மணலில் அவர் பிரேக் பிடித்து நான் பார்க்கவில்லை. காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக நிற்க விடுவார். பிரேக் போட்டால் சில்லுக்கு முன்னால் மணல் மேடு கட்டிவிடும், திரும்ப எடுக்கும்போது அதிலேயே புதையும். நிறுத்துவதும் எப்போதும் இறக்கம் பார்த்துத்தான். மணல் மேட்டில் ஏறினால் நேரே ஏறுவார், குறுக்கே போகவே மாட்டார், வண்டி உருண்டுவிடும். மணல் நிறைய உள்ள பகுதிகளை விடியற்காலையிலேயே முடித்துவிடுவார்கள். இராக்குளிரில் இறுகின மணல் வெயில் ஏற ஏற இளகிவிடுமாம்.

இத்தனைக்கும் பேச்சு மிகக் குறைவு. அவருக்கு அரைகுறை பிரெஞ்சு, எனக்கு அதுவும் இல்லை. மச்சான் மொழிபெயர்த்தான். நடுவில் அவனுக்கே அலுத்து, "மச்சான், நீ மலையைப் பாக்க வந்தியா ரயரைப் பாக்க வந்தியா?" என்றான்.

சரி, மலையையும் பார்த்தேன். குடும்பிமலையைத் தூரத்தில் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு ஹொகாரில் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. பழைய எரிமலைகளின் குழாய்க்குள் இறுகிய குழம்பு மட்டும் நிற்கிறது. சுற்றியிருந்த மென்மையான பாறை காலப்போக்கில் அரிந்து போய்விட்டது. ஆகப் பெரிய மலையான தஹாத் 2,908 மீற்றர். அபிலால் என்ற இடத்தில் பாறைக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது. மழை காணாத மலைக்குள் அப்படியொரு குளம்! மார்கழி வெள்ளத்தில் வீட்டுக்குள் வள்ளம் விட்டவர்கள் நாங்கள். அந்தத் தண்ணீரை எட்டி நின்று பார்த்ததோடு சரி, கால் வைக்க மனம் வரவில்லை.

தமன்ராசெட்டிலிருந்து அசெக்ரெம் என்ற மலைமேட்டுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர்தான். ஆனால் அரை நாளைத் தின்றுவிடும் பாதை. உயரம் 2,700 மீற்றருக்கு மேல், இலங்கையின் ஆகப் பெரிய மலையான எங்கள் பீதுருதாலகாலையை விட அதிகம். உச்சியில் சார்ள்ஸ் து ஃபூக்கோ என்ற பிரெஞ்சுத் துறவி 1911இல் கட்டிய கற்குடில் இருக்கிறது. துவாரக் மொழிக்குப் பெரிய அகராதி தொகுத்தவர். 1916இல் தமன்ராசெட்டில் சுடப்பட்டு இறந்தார், 2022இல் புனிதராக்கினார்கள். தாண்டவன்வெளிக் கோயிலுக்கு ஒரு ஞாயிறும் தவறாத என் மாமி, மெழுகுதிரி ஒன்றைத் தந்துவிட்டிருந்தார். காற்று அடித்த அடியில் தீக்குச்சிகள் தீர்ந்ததுதான் மிச்சம். குடிலுக்குள் வைத்துவிட்டு வந்தேன். மாமியிடம் கொளுத்தினதாகத்தான் சொல்லியிருக்கிறேன், அவர் இதை வாசிக்கமாட்டார்.

குளிர்காலத்தில் இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே போகும். போகிறவர்கள் நல்ல கம்பளி உடுப்புக் கொண்டு போங்கள். சாப்பாடு தகெல்லா: மாவைப் பிசைந்து, தணல் எரிந்த மணலுக்குள்ளேயே புதைத்துச் சுடுகிறார்கள். மணலைத் தட்டிவிட்டுப் பிய்த்து, குழம்பு ஊற்றிப் பிசைகிறார்கள். பல்லில் மணல் நெறுநெறுக்கும் என்று பார்த்தால் இல்லை. தேநீர் மூன்று சுற்று, சுற்றுக்குச் சுற்று சாயம் குறையும், சீனி மட்டும் குறைவதாகத் தெரியவில்லை.

அடுத்த முறை ஜானெட் பக்கம், தஸ்ஸிலி மேட்டுநிலத்துக்கு என்று மச்சான் இப்போதே கணக்குப் போடுகிறான். 15,000க்கும் மேற்பட்ட பழைய பாறை ஓவியங்களும் செதுக்கல்களும் அங்கே இருக்கின்றன, 1982லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். நல்லதுதான். ஆனால் மேட்டுக்கு வாகனம் ஏறாது, நாங்கள் நடக்க வேண்டும், சாமானைக் கழுதை சுமக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு ஆசை பாதியாகிவிட்டது.